குளிர் அறையின் அரசியல்: ஒரு கறிக்கப்பலின் யுத்தகாலம்

1

இரண்டாம் உலக யுத்தம் பற்றிய கதையாடல்களில் கப்பல் என்றாலே போர்க்கப்பல்தான். பிஸ்மார்க், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், யமாட்டோ என்று பெயர்கள் வரிசைகட்டி வரும். பீரங்கிக் குழாயின் விட்டம், கவசத்தின் கனம், மூழ்கிய நேரம் யாவும் அட்சர சுத்தமாகப் பதிவாகியிருக்கும். யுத்தம் நடத்துகிற தேசம் தினமும் சாப்பிட்டாக வேண்டும் என்கிற சாதாரண விஷயம் மட்டும் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடும். அந்தச் சாப்பாட்டைச் சுமந்த கப்பல்களுக்கும் இதே கதிதான்.

இங்கே நான் வாசிக்க எடுத்துக்கொள்வது அப்படியான ஒரு கப்பலை. பெயர் எம்பயர் ஸ்டார். பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் தளத்தில் 1935இல் கட்டப்பட்டது. ப்ளூ ஸ்டார் லைன் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்குச் சொந்தமானது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் உறைந்த இறைச்சியைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோவதற்கென்றே உருவான குளிர்சாதனச் சரக்குக் கப்பல். பச்சையாகச் சொன்னால் கறிக்கப்பல்.

'கறிக்கப்பலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், எழுத வேற விஷயமே கிடைக்கலையா' என்று கேட்கிற தோழர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. 1942 பிப்ரவரி 12 அன்று, சிங்கப்பூர் வீழ்வதற்கு மூன்று நாள் முன்பாக, இந்தக் கப்பல் அந்தத் துறைமுகத்திலிருந்து 2,160க்கும் மேற்பட்ட மனிதர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய யுத்த நினைவுகளில் அது ஒரு வீரகாதை. அந்த வீரகாதை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது உண்மைதான். உண்மையான ஒரு வீரகாதை எவற்றையெல்லாம் சொல்லாமல் விட்டு நிற்கிறது, அந்த மௌனங்களுக்குப் பின்னால் என்ன பொருளாதாரம் இயங்குகிறது என்பதே என் கேள்வி. அந்த மௌனத்துக்குள்ளே மலேயாத் தோட்டத்துத் தமிழனும் இருக்கிறான்.

2

முதலில் குளிர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இது விஞ்ஞான பாடம்தானே என்று தாண்டிப் போய்விட வேண்டாம். அரசியலே இதில்தான் இருக்கிறது.

குளிர்சாதன இயந்திரம் குளிரை உற்பத்தி செய்வதில்லை. குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. இயந்திரம் செய்வதெல்லாம் ஓரிடத்து வெப்பத்தை எடுத்து இன்னோரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான். வாயு ஒன்றைக் கம்ப்ரெஸ்ஸர் அழுத்துகிறது. அழுத்தத்தில் சூடேறிய வாயுவைக் கடல்நீர் ஓடும் குழாய்கள் குளிர்வித்துத் திரவமாக்குகின்றன. அந்தத் திரவம் அழுத்தம் தளர்ந்து மறுபடி ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அப்படிச் சில்லிட்ட உப்புக்கரைசல் கப்பலின் சரக்கறைகளுக்கான குழாய்களில் சுற்றிவருகிறது. அறைச் சுவர்களுக்குள் கனமாகக் கார்க் அடைத்திருப்பார்கள், வெளிவெப்பம் உள்ளே வராதபடி. உறைந்த ஆட்டுக்கறிக்குப் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி அளவில் வைக்க வேண்டும். உறையாமல் சில்லிட்டு மட்டும் அனுப்பும் மாட்டுக்கறிக்குப் பூஜ்யத்துக்கு ஒன்றரை டிகிரி கீழே. ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் சரக்கு கெட்டது. பூமத்திய ரேகையைத் தாண்டி வாரக்கணக்கில் இந்தச் சமநிலையைக் காப்பாற்றிக்கொண்டு வர வேண்டும். உள்ளே இருப்பது கெடாமலிருக்க, வெளியே இருப்பது சூட்டை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இது இயந்திரத்தின் விதி. சாம்ராஜ்யத்தின் உணவு ஏற்பாடும் இதே விதியில்தான் நடந்தது என்பது என் வாதம்.

1882 பிப்ரவரி 15 அன்று நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து டனீடின் என்ற பாய்மரக் கப்பல், உறைந்த ஆட்டுக்கறியோடு லண்டனுக்குப் புறப்பட்டது. மே மாதம் கறி கெடாமல் போய்ச் சேர்ந்தது. அதோடு உலகத்தின் நிலப்படமே மாறிப்போனது. அதுவரை கம்பளிக்காக மட்டும் வளர்க்கப்பட்ட ஆடு இப்போது கறிக்காகவும் வளர்க்கப்படலாம். பூமியின் மறுகோடியிலுள்ள புல்வெளி லண்டன் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுத் தட்டோடு இணைந்துவிட்டது. அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி மாவோரி மக்களிடமிருந்து யுத்தத்தாலும் பறிமுதல் சட்டத்தாலும் ஏமாற்றுக் கிரயத்தாலும் கைமாறியவை என்பது கறியின் மீது ஒட்டப்பட்ட சீட்டில் எழுதியிருக்காது. சரக்கு தன் பிறப்பை மறைத்துக்கொண்டுதான் சந்தைக்கு வருகிறது என்று மார்க்ஸ் சொன்னதற்கு உறைந்த கறியைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இரத்தம்கூட உறைந்துதான் வருகிறது.

ப்ளூ ஸ்டார் லைன் 1911இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் லிவர்பூலைச் சேர்ந்த வெஸ்டி சகோதரர்கள், கசாப்பு வியாபாரக் குடும்பம். மாட்டுப் பண்ணை, கசாப்புத் தொழிற்சாலை, குளிர்கிடங்கு, கப்பல், பிரிட்டனில் சில்லறைக் கறிக்கடை என்று மாடு மேயும் இடத்திலிருந்து தட்டில் விழும் இடம்வரை எல்லாமே ஒரே கையில். ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் வேவ் ஹில் என்ற பெரும் பண்ணை அவர்களுடையது. அங்கே மாடு மேய்த்தவர்கள் அந்த நிலத்துக்கே உரிய குரிஞ்ஜி ஆதிகுடிகள். கூலி பெரும்பாலும் மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் கறி. 1944க்கும் 1946க்கும் இடையில் ரொனால்ட் பெர்ண்ட், காத்தரின் பெர்ண்ட் என்ற மானுடவியல் தம்பதியைக் கம்பெனியே அமர்த்தித் தன் பண்ணைகளின் தொழிலாளர் நிலையை ஆராயச் சொன்னது. அவர்கள் கண்டது பட்டினியும் குழந்தை மரணமும். 1966இல் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்ஜி மக்கள் பண்ணையை விட்டு வெளிநடந்தார்கள். கூலிப் போராட்டம் என்று ஆரம்பித்தது நிலப் போராட்டமாக மாறி, 1975இல் பிரதமர் விட்லம் வந்து ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் கொட்டும்வரை நீண்டது.

எம்பயர் ஸ்டார் சுமந்த கறி வேவ் ஹில் பண்ணையின் மாட்டுக்கறிதான் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தில் வரவாகின. அவ்வளவுதான். அதுவே போதும்.

3

1939இல் யுத்தம் வந்தது. பிரிட்டன் தான் தின்னும் கறியில் பாதிக்கு மேல் தானே உற்பத்தி செய்தாலும், மீதிக்குக் கடலைத்தான் நம்பியிருந்தது. 1940 மார்ச் 11 முதல் கறிக்கு ரேஷன். எடைக்கணக்கில் அல்ல, விலைக்கணக்கில். ஆளுக்கு வாரத்துக்கு ஒரு ஷில்லிங் பத்து பென்ஸ் என்று ஆரம்பித்து, 1941இல் ஒரு ஷில்லிங் வரை இறங்கியது. விலைக்கணக்கு என்பதால் மட்டமான துண்டு வாங்குபவருக்கு அளவு கூடக் கிடைக்கும், உயர்ந்த துண்டு கேட்பவருக்குக் குறையும். இந்த ஏற்பாடு 1954 ஜூலை வரை நீடித்தது. பிரிட்டிஷ் இடதுசாரிகள் பலர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் ஏற்பாடு இது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே கார்டு. அந்தப் பெருமையில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தச் சமத்துவத்தின் எல்லைக்கோடு பிரிட்டிஷ் தீவின் கடற்கரையோடு நின்றுபோனது. கார்க் அடைத்த சுவர் மாதிரி.

குளிர்சாதனக் கப்பல்களுக்கு இன்னொரு குணம் உண்டு, அது வேகம். கறி கெடுவதற்குள் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகச் சாதாரணச் சரக்குக் கப்பலைவிட வேகமாக ஓடும்படி கட்டியிருந்தார்கள். இந்த வியாபார வேகம் யுத்தத்தில் ராணுவ வேகமாக மாறியது. துருப்புகளுக்கும் தளவாடங்களுக்கும் இந்தக் கப்பல்களே வேண்டும் என்று ராணுவம் கேட்டது. கறிக்கு இவையே வேண்டும் என்று உணவு அமைச்சகம் கேட்டது. இடம் போதாததால் ஆட்டுக்கறியை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கினார்கள், மாட்டுக்கறியை எலும்பு நீக்கி அழுத்திக் கட்டினார்கள். மத்தியதரைக் கடலில் முற்றுகையிடப்பட்டிருந்த மால்டா தீவுக்கு 1942 ஆகஸ்டில் 14 வணிகக் கப்பல்களைப் பெரும் போர்க்கப்பல் காவலோடு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தவை ஐந்து. அந்த ஐந்தில் மெல்போர்ன் ஸ்டார், பிரிஸ்பேன் ஸ்டார் இரண்டும் எம்பயர் ஸ்டாரின் உடன்பிறப்புகள், ஒரே கம்பெனியின் குளிர்சாதனக் கப்பல்கள். யுத்தம் முடியும்போது ப்ளூ ஸ்டார் கப்பல்களில் பெரும்பான்மை கடலடியில் கிடந்தன.

இதே கம்பெனியின் அரண்டோரா ஸ்டாரையும் இங்கே குறிப்பிட வேண்டும். அது பயணிகள் கப்பல். 1940 ஜூலை 2 அன்று ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டு எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் இருந்தவர்கள் யார்? பிரிட்டனில் பல வருஷமாக ஐஸ்கிரீம் கடையும் காப்பிக்கடையும் வைத்துப் பிழைத்து வந்த இத்தாலியர்கள், அடைக்கலம் தேடி வந்திருந்தவர்கள் உள்ளிட்ட ஜெர்மானியர்கள், ஆஸ்திரியர்கள். 'எதிரி நாட்டவர்' என்று ஒரே முத்திரை குத்திக் கனடாவுக்கு நாடுகடத்திக்கொண்டிருந்தார்கள். யாரை உள்ளே வைப்பது, யாரை வெளியே தள்ளுவது என்ற பட்டியல் வேலை சிங்கப்பூருக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

4

இனி சிங்கப்பூர். எம்பயர் ஸ்டார் 1942 ஜனவரி கடைசியில் யுத்தச் சரக்கோடு அங்கே வந்து சேர்ந்தது. ஜப்பானியப் படை ஜோகூர் நீரிணையைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்தது பிப்ரவரி 8 இரவு. நகரம் எரிந்துகொண்டிருந்தது. இருபதுக்கும் குறைவான பயணிகளுக்கே இடமுள்ள கப்பலில் 2,160க்கும் மேற்பட்டோர் ஏறினார்கள். விமானப்படை ஆட்கள், காயம்பட்டவர்கள், ஆஸ்திரேலிய ராணுவச் செவிலியர்கள், கொஞ்சம் பெண்களும் குழந்தைகளும். கறி அடுக்கும் ஜன்னலில்லாத அறைகளில் மனிதர்கள் அடுக்கப்பட்டார்கள்.

பிப்ரவரி 12 காலை, சிங்கப்பூருக்குத் தெற்கே டூரியன் நீரிணையில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. ஏறத்தாழ நான்கு மணி நேரம் அலை அலையாகத் தாக்குதல். மூன்று குண்டுகள் நேராகக் கப்பலில் விழுந்தன. பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பலர் படுகாயமுற்றார்கள். கேப்டன் செல்வின் கேப்பன் கப்பலை வளைத்து வளைத்து ஓட்டிக் குண்டுகளைத் தவிர்த்துக்கொண்டே போனார். மேல்தளத்தில் கிடந்த காயக்காரர்கள் மீது செவிலியர்கள் மார்கரெட் ஆண்டர்சனும் வேரா டோர்னியும் தங்கள் உடம்பையே போர்வையாக்கிப் படுத்துக்கொண்டார்கள். பிறகு ஆண்டர்சனுக்கு ஜார்ஜ் மெடல் கிடைத்தது. கப்பல் படேவியா (இன்றைய ஜகார்த்தா) சேர்ந்து, பழுது பார்த்து, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் போய்ச் சேர்ந்தது.

அதே நாளில் வைனர் புரூக் என்ற சிறு கப்பலில் 65 ஆஸ்திரேலியச் செவிலியர்கள் புறப்பட்டார்கள். அது இரண்டு நாள் கழித்து பாங்கா தீவருகே மூழ்கடிக்கப்பட்டது. கரையொதுங்கியவர்களில் 22 பேரைக் கடலுக்குள் நடக்கவிட்டு ஜப்பானியச் சிப்பாய்கள் சுட்டார்கள். பிழைத்தவர் விவியன் புல்விங்கல் ஒருவர். எம்பயர் ஸ்டாரில் ஏறியவர்கள் எதிலிருந்து தப்பினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தப்பியவர்களைப் பார்த்து 'வெள்ளைத்தோல் சொகுசு' என்று கைகொட்டிச் சிரிக்கிற வாசிப்பு ஒரு வாசிப்பே அல்ல, அது நம்முடைய வக்கிரம்.

இந்த வீரகாதைக்குள்ளேயே ஒரு விரிசலும் உண்டு. ஆயுதம் தாங்கிய ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் சிலர் உத்தரவில்லாமல் பலவந்தமாக இந்தக் கப்பலில் ஏறினார்கள் என்றும் படேவியாவில் கைது செய்யப்பட்டார்கள் என்றும் பதிவுகள் சொல்கின்றன. தளபதி வேவலின் அறிக்கை 1990களில் பொதுவெளிக்கு வந்தபோது சிங்கப்பூரை இழந்தது யார் குற்றம் என்று பிரிட்டிஷாரும் ஆஸ்திரேலியரும் பத்திரிகைகளில் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டார்கள். கவனிக்க வேண்டியது, அந்தச் சண்டையே வீட்டுக்குள் நடந்த பங்காளிச் சண்டை. தப்பியோடியவன் கோழையா இல்லையா என்பது விவாதம். ஓடுவதற்கு வழியே இல்லாதவன் அந்த விவாதத்தில் ஒரு பாத்திரமாகக்கூட வரவில்லை.

5

வழி இல்லாதவன் யார்? இதற்குப் பினாங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. சில நாட்களுக்குள் ஓர் இரவில் அங்கிருந்த ஐரோப்பியர்கள் ரகசியமாக வெளியேற்றப்பட்டார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் காலையில் எழுந்து பார்த்தபோது நிர்வாகம் என்று ஒன்று இல்லை. கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. கொடி பறக்கும்வரை குண்டு விழும். அதை இறக்கியவர் ஒரு தமிழர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர், இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. ஊரில் எஞ்சியிருந்தவர்களைச் சேர்த்துக் குழு அமைத்து, கொள்ளையைத் தடுத்து, ஊர் சரணடைந்துவிட்டதை வானொலியில் அறிவித்தவரும் அவரே. சாம்ராஜ்யத்தின் கொடியை இறக்கும் பொறுப்பை அந்தச் சாம்ராஜ்யம் யார் தலையில் விட்டுப் போயிற்று என்று பாருங்கள்.

இன்னும் விசேஷம் அதற்குப் பிறகு. பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் சிங்கப்பூர் வானொலியில் பேசியபோது, பினாங்கின் குடிமக்களில் பலரை வெளியேற்ற நேர்ந்தது என்ற பொருளில் சொன்னார். வெளியேறியது வெள்ளையர்கள் மட்டும். அவர் பொய் சொல்லத் திட்டமிட்டார் என்றுகூட நான் நினைக்கவில்லை. 'குடிமக்கள்' என்ற சொல்லைச் சொன்னபோது அவர் மனக்கண்ணில் வந்த முகங்கள் அவ்வளவே. சொல்லாடலின் அதிகாரம் இதுதான். மற்றமையை அது திட்டிக்கூட விலக்குவதில்லை, எண்ணும்போது கணக்கில் சேர்ப்பதில்லை. ஆசிய மக்களிடையே எழுந்த கோபத்தைப் பார்த்து, இனிமேல் வெளியேற்றத்தில் இனப் பாகுபாடு இருக்காது என்று கவர்னர் ஷெண்டன் தாமஸ் உறுதி சொன்னார். உறுதி காகிதத்தில் சரி. கப்பல் ஏற ஒரு துறைமுகம் இருந்தால் போதாதே, இறங்க இன்னொரு துறைமுகம் வேண்டுமே? எம்பயர் ஸ்டார் போய்ச் சேர்ந்த ஆஸ்திரேலியாவில் 1901ஆம் வருஷத்துக் குடியேற்றத் தடைச் சட்டம், அதாவது 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை, அப்போதும் அமலில் இருந்தது. ஆசிய அகதிக்கு அங்கே கதவு கீற்றளவுதான் திறந்தது. பர்மாவிலிருந்து அதே ஆண்டு நடந்தே வெளியேறிய லட்சக்கணக்கான இந்தியர்கள், தமிழர்கள் உட்பட, காட்டுப் பாதையிலும்கூட வெள்ளையருக்கொரு வழி கறுப்பருக்கொரு வழி என்று பிரிந்திருந்ததைக் கண்டார்கள்.

மலேயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்களுக்கு இந்தப் பட்டியல்களெல்லாம் தெரியவே தெரியாது. துரை ஒருநாள் காரில் ஏறிப் போய்விட்டார், அவ்வளவுதான். அவர்களைக் கங்காணி முறையில் கப்பலேற்றிக் கொண்டுவரத் தெரிந்த சாம்ராஜ்யத்துக்குத் திருப்பி ஏற்றத் தெரியவில்லை. ரப்பர் ஏற்றுமதி ஆனது, ஈயம் ஏற்றுமதி ஆனது. கூலி மட்டும் ஏற்றுமதிக்குத் தகுதியில்லாத சரக்கு. 1942 ஜூனிலிருந்து 1943 அக்டோபர் வரை ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்து, பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் கொண்டுபோகப்பட்டார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் மலேயாத் தமிழர்கள் பெரும் பங்கு. கைதிகளின் சாவுக்கு நேர் எண் கிடைக்கிறது, கூலிகளின் சாவுக்கு மதிப்பீடு மட்டுமே கிடைக்கிறது. காஞ்சனபுரியில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்ம ஆட்களுக்கு அப்படி வரிசை கிடையாது.

ஜப்பான் செய்த கொலைக்கு பிரிட்டனைக் குற்றம் சொல்கிறாயா என்று கேட்கலாம். கொலை ஜப்பானியப் பாசிசத்தினுடையது, சந்தேகமில்லை. ஆசியா ஆசியருக்கே என்று பேசிக்கொண்டே ஆசியனைத் தண்டவாளத்துக்கடியில் புதைத்தவர்கள் அவர்கள். நான் பேசுவது அதற்கு முந்தைய கணத்தைப் பற்றி. யார் கொலையாளியின் கைக்கெட்டும் தூரத்தில் விடப்பட்டார்கள், யார் எடுத்துச் செல்லப்பட்டார்கள் என்ற அந்தத் தேர்வைப் பற்றி. வாழவைப்பதும் சாகவிடுவதுமான அதிகாரம் என்று ஃபூக்கோ இதற்கு இலக்கணம் சொன்னார். ஃபூக்கோ பெயரைச் சொல்லாமலேயே தோட்டத்துக் கிழவி இதைச் சொல்லியிருப்பாள்: 'அவங்க ஆளுங்கள அவங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க.'

6

இந்த இடத்தில் நம் வாசிப்பு ஒரு சுலபமான முடிவுக்கு வழுக்கிவிடக்கூடும். கப்பலில் இருந்தவன் ஒடுக்குபவன், கரையில் இருந்தவன் ஒடுக்கப்பட்டவன் என்று கோடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அப்படி முடியாது. கப்பலுக்குள்ளும் வர்க்கம் உண்டு. எம்பயர் ஸ்டார் அதே 1942 அக்டோபர் 23 அன்று, லிவர்பூலிலிருந்து தென்னாப்பிரிக்கா நோக்கிப் போகும்போது, அசோர்ஸ் தீவுகளுக்கு வடக்கே ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. உயிர்காப்புப் படகுகளில் இறங்கினார்கள். கேப்டன் கேப்பனின் படகு திரும்பக் கிடைக்கவேயில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். சிங்கப்பூரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்கவைத்தவருக்கு எட்டு மாத ஆயுள்தான் மிச்சமிருந்தது. வெஸ்டி குடும்பத்துக்கு மூழ்கியது ஒரு சொத்து. கடலோடி மூழ்கினால் மூழ்கியது அவனே.

பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டால், அவற்றின் கடலோடிகளில் நான்கில் ஒருவருக்குக் குறையாமல் இந்தியரும் சீனரும்தான். லாஸ்கர்கள் என்று அவர்களுக்குப் பெயர். பெரும்பாலும் சில்ஹெட், சிட்டகாங், கோவா, பஞ்சாப், கொங்கணக் கரைக்காரர்கள். வெள்ளைக் கடலோடியின் சம்பளத்தில் சிறு பங்குதான் அவர்களுக்கு. 1939 கடைசியில் யுத்த ஆபத்துக்குத் தக்க சம்பளம் கேட்டுப் பல துறைமுகங்களில் அவர்கள் கப்பலோட்ட மறுத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள், ஆனால் சம்பளம் உயர்ந்தது. ஏகாதிபத்திய யுத்தத்தின் நடுவில் நடந்த இந்த வேலைநிறுத்தம் நம்முடைய தொழிற்சங்க வரலாறுகளில் எத்தனை பக்கம் பெற்றிருக்கிறது? யுத்தத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியக் கடலோடிகள் இறந்தார்கள். பிரிட்டிஷ் வணிகக் கடலோடிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில்லில் வெண்கலத்தில் இருக்கின்றன. இந்தியக் கடலோடிகளின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. லிவர்பூலில் குடும்பமாக வாழ்ந்த சீனக் கடலோடிகள் பலரை 1945, 46இல் மனைவி மக்களுக்குத் தெரியாமலே பிடித்து நாடுகடத்தினார்கள். பிரிட்டிஷ் உள்துறை இதை ஆராய்ந்து ஒப்புக்கொள்ள 2022 வரை ஆயிற்று.

ஆக, கப்பல் என்பது ஒரு கூட்டுப் பிரதி. அதில் கம்பெனியின் லாபம் இருக்கிறது, கேப்பனின் திறமை இருக்கிறது, செவிலியின் முதுகு இருக்கிறது, கீழ்த்தளத்தின் எண்ணெய் நாற்றம் இருக்கிறது. ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை.

7

1943 ஜனவரியில் சர்ச்சில் இந்து சமுத்திரத்துக்குப் போகும் வணிகக் கப்பல்களின் எண்ணிக்கையைப் பெருமளவில் வெட்டினார். அந்தக் கப்பல்கள் அட்லாண்டிக்குக்குத் திருப்பப்பட்டன. பிரிட்டனின் கையிருப்பு குறைந்துகொண்டிருந்தது என்பது காரணம். பர்மா அரிசி ஏற்கனவே நின்றுபோயிருந்தது. வங்காளத்தில் ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய நாட்டுப் படகுகளை 1942இலேயே அரசு பறித்துவிட்டிருந்தது. மீனவனுக்குக் கடல் போயிற்று, விவசாயிக்குச் சந்தை போயிற்று. 1943 பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 30 லட்சம். உணவு இல்லாததால் அல்ல, உணவை வாங்கும் உரிமையும் சக்தியும் பறிபோனதால் பஞ்சம் வந்தது என்று அமர்த்தியா சென் 1981இல் விளக்கினார். கப்பல் ஒதுக்கீட்டின் அரசியல் இதில் எவ்வளவு தூரம் குற்றவாளி என்பதை மதுஸ்ரீ முகர்ஜி 2010இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக வாதிட்டார். யுத்த நெருக்கடி, மாகாண அரசுகளின் குளறுபடி, பதுக்கல்காரர்கள் என்று மறுதரப்பும் வாதிடுகிறது. காரணங்களின் விகிதாசாரத்தில் சண்டை இருக்கலாம். கேட்ட தானியத்துக்குக் கேட்ட நேரத்தில் கப்பல் கொடுக்கப்படவில்லை என்பதில் சண்டை இல்லை.

லண்டன்காரன் ரேஷன் கறியோடு திருப்திப்பட வேண்டியிருந்ததும் கல்கத்தா நடைபாதையில் கஞ்சித் தண்ணீருக்குக் கையேந்தியவர்கள் செத்ததும் ஒரே ஆண்டில், ஒரே கப்பல் ஒதுக்கீட்டுத் தாளின் இரண்டு பத்திகளில் நடந்தவை. வெப்பம் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது என்றேன். பசியும் அப்படித்தான். அதை ஒரு தீவிலிருந்து இறைத்து வெளியே கொட்டினார்கள். கொட்டிய இடத்தில் நாம் இருந்தோம்.

தமிழில் இந்தக் கடலும் இந்த யுத்தமும் எழுதப்படாமல் இல்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இருக்கிறது. அதன் உலகம் வட்டிக்கடையும் இந்திய தேசிய ராணுவமும் அலைந்து திரியும் ஓர் ஆண்மனமும். சயாம் ரயில்பாதையை மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் நாவலாக்கியிருக்கிறார்கள், அவற்றைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வாசித்தோம்? நேதாஜி வந்து பேசிய மேடையை நினைவில் வைத்திருக்கும் நாம், அந்த மேடைக்கு வரமுடியாமல் ஏற்கனவே காட்டுக்குப் போய்விட்டவனை மறந்துபோனோம். நம்முடைய நினைவும் ஒரு குளிர் அறைதான். எதைக் கெடாமல் வைக்க வேண்டும் என்று அதுவும் தேர்வு செய்கிறது. வீரத்தை வைத்தது, கூலியை வெளியே விட்டது.

அந்தப் பாதையில் வேலை செய்தவர்களில் அநேகமாக எவரும் இன்று உயிரோடில்லை. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கிள்ளானிலும் ஈப்போவிலும் சுங்கைப்பட்டாணியிலும் இருக்கிறார்கள். யாருடைய தாத்தா எந்தத் தோட்டத்திலிருந்து எந்த மாதத்தில் லாரி ஏற்றப்பட்டார் என்ற அளவிலாவது இன்னும் எழுதி வாங்க முடியும். எம்பயர் ஸ்டார் போன்ற கப்பல்களின் பயணக் குறிப்புகள் லண்டன், கான்பெரா ஆவணக் காப்பகங்களில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கின்றன. இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிற வேலையை யாராவது தொடங்க வேண்டும். கோட்பாடு பேசுகிற நாமே தொடங்கலாம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், வயதானவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்கும் பொறுமையும் போதும்.